கூலித்திறனிலிருந்து தொழிலறிவுக்கு: புதுக்கோட்டைப் பட்டறிவும் மொழித்தொழில்நுட்பப் பணிகளுக்குத் தமிழ் மாணவரை ஆயத்தப்படுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்துவரும் தொழில்நுட்பப் பணிகளுக்கு மாணவரையும் தொழிலாளரையும் ஆயத்தப்படுத்தல் என்பது பெரும்பாலும் பயிற்சி வகுப்புகளின் எண்ணிக்கையாகவே பேசப்பெறுகின்றது. எத்தகைய பயிற்சி ஒருவரைத் தொழில் மாற்றங்களுக்கிடையே நிலைநிறுத்தும் என்னும் வினா அதனினும் அடிப்படையானது. புதுக்கோட்டை மாவட்டத்தின் இரு பட்டறிவுகளை இக்கட்டுரை ஒப்பிட்டு அவ்வினாவுக்கு விடை காண முயல்கின்றது. ஒன்று, செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில். மற்றொன்று, 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கமும் அதனோடு இணைந்த கல்குவாரிக் குத்தகையும் மிதிவண்டிப் பயிற்சியும். அவ்வொப்பீட்டின் பயன், இன்று தமிழ் மாணவர்க்குத் திறந்துவரும் மொழித்தொழில்நுட்பப் பணிகளோடு பொருத்திப் பார்க்கப்பெற்று, முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்திற்கான முன்மொழிவாக நிறைவுறுகின்றது.

திறவுச்சொற்கள்: புதுக்கோட்டை, அறிவொளி இயக்கம், பட்டை தீட்டல், மொழித்தொழில்நுட்பம், குறியிடல், கலைச்சொல், பாடத்திட்டம்.

முன்னுரை

1974 சனவரி 14-இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டப் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பெற்ற புதுக்கோட்டை மாவட்டம், தமிழாய்வாளர்க்குப் பெரிதும் சித்தன்னவாசல் ஓவியங்களாலும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டாலும் அறிமுகமானது. மானாவாரி வேளாண்மை, கல்லுடைப்பு, கல் பட்டை தீட்டல் ஆகியவற்றை நம்பிய உழைப்பாளர்களின் மாவட்டமாகவும் அது விளங்கிவந்துள்ளது. அவ்வுழைப்பாளர் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோருள் கணிசமானோர் தமிழ் இலக்கிய வகுப்புகளிலும் அமர்கின்றனர். அவர்களுக்கு முன் இன்று இருக்கும் வழிகளாக ஆசிரியப் பணியும் போட்டித் தேர்வுகளுமே எடுத்துக்கூறப்பெறுகின்றன. அவ்விரு வழிகளிலும் இடங்கள் சில; காத்திருப்போர் பலர்.

தமிழ்நாடு அரசின் முயற்சிகள் சிலவும் இக்காலத்தில் குறிப்பிடத்தக்கன. 2011-இல் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022 மார்ச்சு 1-இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களுள் 71 நிலையங்கள் தானியங்கி இயந்திரம், முப்பரிமாண அச்சு, மின்னூர்தி போன்ற புதிய துறைகளில் பயிற்சியளிக்கும் வண்ணம் மேம்படுத்தப்பெற்றன. கருவி, கட்டடம், வகுப்பு ஆகியன இவ்வாறு வந்துசேர்ந்துள்ளன. பயிற்சியின் உள்ளீடு எவ்வாறு அமையவேண்டும் என்பதே எஞ்சிநிற்கும் வினா.

'ஒரு தொழிலின் ஒற்றைப் படியை மட்டும் கற்பிக்கும் பயிற்சி, தொழிலாளரை எளிதில் மாற்றீடு செய்யத்தக்கவராக ஆக்குகின்றது; தொழிலின் முழுத்தொடரையும் அதன் கணக்கையும் ஆவணத்தையும் சொல்லையும் கற்போர் தம் மொழியில் கற்பிக்கும் பயிற்சியே அவரை வேறொரு பணிக்கு நகர வல்லவராக ஆக்குகின்றது' என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வரலாற்று ஒப்பீட்டு முறையும் மொழியியல் விளக்கமுறையும் ஈண்டுக் கையாளப்பெறுகின்றன.

1. பட்டை தீட்டல்: ஒற்றைப் படியின் திறன்

திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் பல பத்தாண்டுகள் வீட்டுத்தொழிலாகவே நிலவிற்று. இதில் பெண்களின் பங்கு பெரிது. வணிகரிடமிருந்து இடைத்தரகர் வழியாகத் தீட்டப்பெறாத கல் வீடு வந்து சேரும். அதனைக் குச்சியின் முனையில் அரக்கால் ஒட்டி, சுழலும் சாணையில் உரிய கோணத்தில் வைத்துப் பட்டைகளை உருவாக்குவர். பின் மெருகேற்றுவர். முடிந்த கற்கள் எண்ணிக்கைக் கணக்கில் திரும்பிச் செல்லும். கூலியும் எண்ணிக்கைக் கணக்கிலேயே வரும்.

இத்தொழிலுக்குத் தேவைப்பட்ட நுட்பம் மிக உயர்ந்தது. கோணத்தைக் கண்ணாலும் விரல் நுனியாலுமே அளந்தறிவது பல்லாண்டுப் பழக்கத்தின் பயன். ஆயினும் கல் எங்கிருந்து வந்தது, எவ்விலைக்கு விற்கப்பெறும், எந்நாட்டுச் சந்தையில் எவ்வடிவம் வேண்டப்படுகின்றது என்பன தீட்டுவோர்க்குத் தெரியவேண்டிய தேவை எழவில்லை. தெரிவிக்கப்பெறவும் இல்லை. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் அவர்கள் கையில் வைத்திருந்தனர்.

இயந்திரத்தால் பட்டை தீட்டப்பெற்ற கற்கள் சீனாவிலிருந்து மலிவாக வரத்தொடங்கியபின் இத்தொழில் நலிந்தது. கைத்திறன் குறைந்ததனால் நேர்ந்த நலிவன்று இது. அக்கைத்திறன் இயங்கிய ஒரே படியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. கோணமும் ஒளியும் அறிந்த அவ்விரல்கள் வேறு எப்பணிக்கு உரியன என்று எண்ணிப்பார்ப்பதற்கான அறிவு, திறனோடு சேர்த்து வழங்கப்பெறவில்லை. எண்ணிக்கைக் கூலி, வீட்டுப்பணி, இடைத்தரகர், கண்ணுக்குத் தெரியாத சந்தை ஆகிய நான்கு கூறுகளும் பின்னர் ஆராயப்பெறும் தரவுக் குறியிடல் பணியிலும் அவ்வாறே மீள்கின்றன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

2. அறிவொளி: எழுத்தும் மிதிவண்டியும் குத்தகையும்

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைக்கப்பெற்றது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பெற்றது. அதனையடுத்துத் தமிழ்நாட்டில் மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தொண்டர்களும் கைகோத்து நடத்திய அறிவொளி இயக்கம், புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். இவ்வியக்கத்தின் தொடர்ச்சியைக் களத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013-இல் தனி நூலே வெளியிட்டுள்ளார். இதழாளர் பி. சாய்நாத்தின் களக்கட்டுரைகளும் இவ்வியக்கத்தை உலகறியச் செய்தன.

இவ்வியக்கம் ஊதியம் பெறாத தொண்டர்களால் நடத்தப்பெற்றது. கற்பித்தோர் பெரும்பாலும் கற்போரின் ஊரைச் சேர்ந்தவர்களே. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாலோ ஃப்ரெய்ரேயின் சிந்தனைத் தாக்கத்தால், கற்போரின் வாழ்வோடு ஒட்டிய சொற்களிலிருந்து எழுத்துப் பயிற்சி தொடங்கியது. வகுப்பு, பகல் முழுதும் உழைத்தோர் கூடத்தக்க மாலைநேரத்தில், அவர்தம் தெருவிலேயே நிகழ்ந்தது.

இயக்கத்தின் தனித்தன்மை மிதிவண்டிப் பயிற்சியில் புலப்படுகின்றது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலும் ஒரு பாடமாயிற்று. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கு வழிசெய்யப்பெற்றது. ஊர்ப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகச் சாய்நாத் எழுதுகின்றார். ஆண்களுக்குரிய வண்டியின் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால், பெண்கள் பலர் அவ்வண்டியையே விரும்பியதையும் அவர் பதிவுசெய்துள்ளார். கருவியைப் பெற்றவர் தம் தேவைக்கேற்ப அதனைப் பொருள்கொண்டதற்கு இச்சிறு செய்தி நல்ல சான்று. மிதிவண்டியால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. விளைபொருளை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் விற்க இயன்றது. கற்றல் மையத்துக்குச் சென்றுவரவும் இயன்றது.

கல்குவாரிக் குத்தகை இதனினும் ஆழமான மாற்றம். ஒப்பந்தக்காரர்களிடம் கடன்பட்டுக் கல்லுடைத்த பெண்கள் குழுக்களாக ஒருங்கிணைக்கப்பெற்று, அரசுக் குவாரிகளை நேரடியாகக் குத்தகைக்கு எடுக்க மாவட்ட நிர்வாகம் வழிசெய்தது. குத்தகை கைக்கு வந்தவுடன் எழுத்தறிவின் பொருளே மாறிற்று. எத்தனை சுமை கல் ஏற்றப்பெற்றது என்னும் கணக்கு, உரிமத்தொகைச் சீட்டு, வங்கிக் கணக்கேடு, அலுவலகத்துக்கு எழுதும் மனு ஆகிய அனைத்தும் படிக்கவும் எழுதவும் வேண்டியனவாயின. அதே பெண்கள், அதே உளி, அதே சுத்தியல். கல்லுடைத்தல் என்னும் ஒற்றைப் படிக்கு முன்னும் பின்னும் உள்ள படிகள் மட்டும் அவர்கள் பார்வைக்குள் வந்தன.

குத்தகை கால வரம்புடையது என்பதையும் அதனைப் புதுப்பித்தல் நிர்வாகத்தின் ஆதரவைப் பொறுத்தது என்பதையும் மறுத்தற்கில்லை. இயக்கம் தணிந்தபின் கற்றோர் பலர்க்கு எழுத்துப் பழக்கம் நழுவியிருக்கும் என்பதும் எண்ணத்தக்கதே. எனவே அறிவொளியை முழு வெற்றியின் சான்றாக அன்றி, பயிற்சி எவ்வாறு வடிவமைக்கப்பெறலாம் என்பதன் சான்றாகவே இக்கட்டுரை கொள்கின்றது.

3. இரு நேர்வுகளின் ஒப்பீடு

மேற்கண்ட இரு நேர்வுகளும் ஒரே மாவட்டத்தில், பெரிதும் ஒத்த சமூக நிலையினரிடையே நிகழ்ந்தவை. இரண்டிலும் கல்லே தொழிற்பொருள். பட்டை தீட்டலுக்கு வேண்டிய கைத்திறன் கல்லுடைத்தலுக்கு வேண்டியதனினும் நுண்ணியது. ஆயினும் தொழிற்சூழல் மாறியபோது நுண்திறன் உடையோரே நிற்க இடமின்றித் தவித்தனர். பயிற்சியின் நுட்பமும் பயிற்சியால் விளையும் வலிமையும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படுகின்றது.

இவ்வொப்பீட்டிலிருந்து மூன்று நெறிகளை வருவிக்கலாம்.

அ) தொடரறிவு: தாம் செய்யும் படிக்கு முன்னும் பின்னும் உள்ள படிகளைக் கற்போர் அறிதல்.
ஆ) ஆவண அறிவு: கணக்கு, ஒப்பந்தம், உரிமை ஆகியவற்றைத் தாமே படித்து வினவ இயலுதல்.
இ) தன்மொழிச் சொல்: தொழிலின் கருத்துகளைத் தம் மொழியில் எண்ணவும் பிறர்க்குக் கற்பிக்கவும் இயலுதல்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன், பாடங்கேட்கும் முறை என ஐந்தையும் ஒருங்கே வகுத்துரைக்கின்றது. கொள்வோனது கொள்திறனையும் இடத்தையும் காலத்தையும் அறிந்து கற்பித்தல் ஆசிரியன் கடன் என்பது மரபு வகுத்த நெறி. அறிவொளித் தொண்டர்கள் மாலைநேரத் தெருவகுப்பில் நடைமுறைப்படுத்தியதும் அதனையே எனலாம்.

4. மொழித்தொழில்நுட்பப் பணிகள்: சங்கிலியும் கண்ணிகளும்

தமிழ்க் கணிமை வரலாறு கால்நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1991-இல் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. தமிழ்99 விசைப்பலகை சென்னை மாநாட்டையொட்டி வடிவம் பெற்றது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. புதுக்கோட்டையிலும் ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கணினித் தமிழ்ச் சங்கம் அமைத்து இணையத் தமிழ்ப் பயிற்சிகளை நடத்தினர். 2015 அக்டோபர் 11-இல் தமிழில் இணையத்தில் எழுதுவோரின் மாநில அளவிலான சந்திப்பு இந்நகரில் நிகழ்ந்தது. அறிவொளியின் தன்னார்வ மரபு கணினித் தமிழிலும் தொடர்ந்ததற்கு இது சான்று.

இக்காலத்தில் தேவை வேறொரு தளத்துக்கு நகர்ந்துள்ளது. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய 'பாஷினி' திட்டம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ4பாரத்' ஆய்வகம், மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மொழித்தரவுத் தொகுப்பு முதலியன இந்திய மொழிகளுக்கான தரவுகளைத் திரட்டுகின்றன. 2024 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாடும் செயற்கை நுண்ணறிவை மையப்படுத்தியது. இத்தகைய முயற்சிகள் அனைத்துக்கும் தமிழ் அறிந்த மனித உழைப்பு இன்றியமையாதது. அவ்வுழைப்பின் இயல்பை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

4.1 எழுத்தும் சொல்லும்

'தமிழ்' என்னும் சொல்லை இலக்கண மாணவர் மூன்று எழுத்தாகக் கணக்கிடுவர். ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக, மொத்தம் பதினைந்து. தொல்காப்பியர் வகுத்த எழுத்தும் கணினி எண்ணும் குறியீடும் வெவ்வேறு அலகுகள் என்பதை உணராமல் எழுதப்பெறும் நிரல், உயிர்மெய்யை உடைத்துப் பிழைபட வெட்டும்.

சொல்நிலையிலும் இவ்வாறே. 'வந்தனன்' என்னும் வினைமுற்றில் வா என்பது பகுதி. அது வ எனக் குறுகியது விகாரம். ந் என்பது சந்தி த் திரிந்த விகாரம். த் இறந்தகால இடைநிலை. முதல் அன் சாரியை. ஈற்று அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. பகுபத உறுப்புகள் ஆறும் ஒரு சொல்லில் அமைந்துள்ளன. ஆங்கிலத் தரவு மிகுதியாகக் கொண்டு உருவாக்கப்பெற்ற மொழிமாதிரிகள் இத்தகைய சொற்களைப் பொருளற்ற துண்டுகளாகச் சிதைக்கின்றன. உறுப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு இது நன்கு பழகிய பயிற்சி.

'கல்லா' என்னும் வடிவம் மற்றொரு சான்று. அது 'கற்காத' எனப் பொருள்படும் எதிர்மறைப் பெயரெச்சமாகலாம்; 'கல்லோ' என வினவும் பெயராகலாம்; கடைகளில் பணம் வைக்கும் பெட்டியுமாகலாம். எவ்விடத்தில் எது என்று குறியிடுவதற்குத் தமிழறிவே கருவி. இக்குறியிடல் இலக்கண வகுப்பின் நேரடித் தொடர்ச்சி.

4.2 பழைய அச்சும் கல்வெட்டும்

அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள், இன்றைய எழுத்துருக்களில் ஓரளவு நன்றாகவே இயங்குகின்றது. 1978-இல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன வேறு வடிவில் உள்ளன. அவற்றைப் பிழையின்றி மாற்ற, பழைய வடிவங்களை அறிந்தோர் மெய்ப்புப் பார்த்துத் திருத்திய பக்கங்கள் பயிற்சித் தரவாக வேண்டும். புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகம் போன்ற அரிய நூலகங்களில் உள்ள முதற்பதிப்புகள் பல இவ்வகையின.

கல்வெட்டுகளின் நிலை இன்னும் நுண்ணியது. புதுக்கோட்டைச் சமத்தானக் கல்வெட்டுப் பாடங்கள் 1929-இலேயே நூல்வடிவம் பெற்றன. கல்வெட்டில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு வரிவடிவில் புலப்படாது. இடையிடையே கிரந்த எழுத்து விரவும். இத்தகைய பாடத்தைக் கணினிக்கு ஏற்ற தரவாக்கல், கல்வெட்டியல் பயின்ற தமிழ் மாணவரால் மட்டுமே இயலும் பணி.

4.3 பேச்சு

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி பேச்சுணரி மென்பொருளின் முதன்மைச் சிக்கல். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது பேச்சில் 'வந்துக்கிட்டு இருக்காங்க' என வழங்கும். இதனைக் கேட்டபடியே எழுதுவதா, எழுத்துவழக்குக்கு மாற்றுவதா என்பதற்குச் சீரான நெறி வேண்டும். உழவரோ நோயரோ தம் ஊர்த் தமிழில் பேசி ஒரு சேவையைப் பெற இயலுமா என்பது இந்நெறியையும் அதற்குரிய தரவையும் பொறுத்தே அமையும்.

இப்பணிகள் அனைத்தும் இன்று பெரும்பாலும் துண்டுப் பணிகளாகப் பகிர்ந்தளிக்கப்பெறுகின்றன. ஒரு தொடருக்கு இவ்வளவு, ஒரு நிமிட ஒலிக்கு இவ்வளவு எனக் கூலி அமைகின்றது. தரவு எதற்குப் பயன்படும் என்பது குறியிடுவோர்க்குத் தெரிவிக்கப்பெறுவது அரிது. கல் வந்த வழியும் சென்ற வழியும் அறியாத பட்டை தீட்டுவோரின் நிலை இதுவே. குறியிட்ட தரவைக்கொண்டு பயிற்சி பெற்ற மென்பொருள் அக்குறியிடலைத் தானே செய்யத் தொடங்குங்கால், எண்ணிக்கைக் கூலிப் பணியாளரே முதலில் விலக்கப்பெறுவர். எனவே தமிழ் மாணவரைக் குறியிடுவோராக மட்டும் ஆயத்தப்படுத்தினால், பட்டை தீட்டலின் வரலாற்றை மற்றொரு தலைமுறைக்கு நாமே வழங்கியவராவோம்.

5. சொல் என்னும் கருவி

தொடரறிவுக்கு அடிப்படை சொல். ஒரு தொழிலின் படிகளுக்குப் பெயர் தெரியாதவர் அப்படிகளைப் பற்றி வினவ இயலாது. கலைச்சொல் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கோவையிலிருந்து 1948 முதல் வெளிவந்த 'கலைக்கதிர்', 1954 முதல் வெளிவந்த 'கலைக்களஞ்சியம்' ஆகியன அடுத்த நூற்றாண்டின் அடையாளங்கள். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் 'சொற்குவை' இன்றைய முயற்சி.

தொல்காப்பியர் எச்சவியலில் கூறும் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்னும் நால்வகைப் பகுப்பு செய்யுட் சொல்லுக்கு உரியது. அதனை ஒப்புமை நோக்கில் தொழில்நுட்பச் சொல்லுக்கும் விரித்துப் பார்க்கலாம். திரை, பக்கம், வெட்டு, ஒட்டு என்பன பொதுவழக்கிலிருந்து புதுப்பொருள் ஏற்றவை, இயற்சொல்லின் நிலையின. கணினி, மென்பொருள், செயலி என்பன ஆக்கச் சொற்கள். கற்றோர் வழிப் பரவியமையால் திரிசொல்லோடு ஒப்பிடத்தக்கன. இலங்கைத் தமிழரிடையே வழங்கிய 'கணனி' போன்றவை திசைச்சொல்லின் நிலையின. டேட்டா, ஃபைல், சாஃப்ட்வேர் என்பன பிறமொழி வழக்கு. தமிழ் ஒலிமரபுக்கேற்பத் திரித்து ஏற்றல் பற்றித் தொல்காப்பியர் வடசொல்லுக்குக் கூறிய நெறி இவற்றுக்கும் வழிகாட்டும்.

இப்பகுப்பின் நடைமுறைப் பயன் யாது? பயிற்சி வகுப்பில் நால்வகைச் சொல்லுக்கும் இடம் உண்டு என்பதே. தொழிற்கூடத்தில் வழங்கும் பிறமொழிச் சொல்லை விலக்கி ஆக்கச் சொல்லை மட்டும் கற்பித்தால் மாணவர் பணியிடத்தில் அயலாராவர். பிறமொழிச் சொல்லை மட்டும் கற்பித்தால், கருத்து விளங்காமல் ஒலியை மனப்பாடம் செய்வர். 'டேட்டா' என வழங்குவது 'தரவு' என்றும், தரப்பெற்றதாதலின் தந்தவர் யார் என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது என்றும் விளக்குங்கால் சொல்லே பாடமாகின்றது.

தொழிலாளர் சொற்களைத் திரட்டலும் இதனோடு இணைந்த கடமை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுச் சொல்லகராதி' 1982-இல் காட்டிய வழியில், புதுக்கோட்டைக் கல்லுடைப்போர், பட்டை தீட்டுவோர் ஆகியோரின் தொழிற்சொற்கள் திரட்டப்பெற வேண்டும். அத்தொழிலில் பயின்ற தலைமுறை மூப்படைந்துவருகின்றது. அவர்தம் ஒப்புதலோடும் உரிய மதிப்பூதியத்தோடும் பதிவுசெய்யப்பெறும் ஒலி, சொல்லகராதிக்கும் பேச்சுத் தரவுக்கும் ஒருங்கே பயன்படும். தொழில்நுட்பத்தால் வேலையிழந்தோர் அதே தொழில்நுட்பத்துக்கு அறிவு வழங்குவோராக மதிக்கப்பெறுதற்கு இஃது ஒரு வழி.

6. பாடத்திட்ட முன்மொழிவு

மூன்று நெறிகளையும் அடிப்படையாகக் கொண்டு, முதுகலைத் தமிழ் வகுப்புக்கு நான்கு அலகுகள் கொண்ட விருப்பப் பாடமொன்று முன்மொழியப்பெறுகின்றது.

முதல் அலகு, கருவி: ஒருங்குறி, தமிழ்99 தட்டச்சு, அட்டவணைச் செயலியில் தரவு ஒழுங்குபடுத்தல், பைத்தான் நிரல்மொழியின் தொடக்கநிலை. இலக்கண நூலொன்றின் சொல்லடைவைத் தாமே உருவாக்குதல் இவ்வலகின் செய்பணி.

இரண்டாம் அலகு, மொழி: பகுபத உறுப்புகளைக் குறியீட்டு முறையாக மாற்றல், சொல்வகைக் குறியிடல், பேச்சு எழுத்துப்பெயர்ப்பு நெறி வகுத்தல். ஒரே பனுவலை இருவர் தனித்தனியே குறியிட்டு வேறுபாடுகளை விவாதித்தல் இன்றியமையாதது. உரையாசிரியர் கருத்து வேறுபாடுகளை ஆராய்ந்து பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்விவாதம் இயல்பாகவே அமையும்.

மூன்றாம் அலகு, தொடர்: தரவு திரட்டல் முதல் மொழிமாதிரியைப் பயிற்றுவித்து மதிப்பிடுதல் வரையிலான முழுச் சங்கிலி. சிறு அளவிலேனும் ஒரு முறை அனைத்துப் படிகளையும் மாணவர் செய்துபார்த்தல் வேண்டும். 1978-க்கு முந்தைய நூலொன்றின் இருபது பக்கங்களை எழுத்துணரியில் இட்டு, பிழைகளை வகைப்படுத்தி, திருத்திய பாடத்தை வெளியிடுதல் ஏற்ற செய்பணி.

நான்காம் அலகு, ஆவணம்: பணி ஒப்பந்தம் படித்தல், கூலி கணக்கிடல், பதிப்புரிமை, தரவு உரிமை, தகவலாளர் ஒப்புதல். குவாரிப் பெண்கள் கணக்கேடு கற்றதன் இன்றைய வடிவம் இது. பயிற்சித் திட்டங்களில் பெரிதும் விடுபடும் அலகும் இதுவே.

கல்லூரிகளில் இயங்கும் கணித்தமிழ்ப் பேரவைகளும், கணினி அறிவியல் துறைகளும் இதற்குத் துணைநிற்கலாம். கற்ற மாணவர் அருகிலுள்ள அரசுப் பள்ளியிலோ தொழிலாளர் குடியிருப்பிலோ ஒரு பருவமேனும் கற்பித்தல் பாடத்தின் பகுதியாதல் வேண்டும். கற்றோர் உடனே கற்பிப்போராதல் அறிவொளியின் உயிர்நாடி.

7. தடைகளும் விடைகளும்

ஆங்கிலமே பணிக்கு வழி என்பது முதல் தடை. ஆங்கிலப் பயிற்சியின் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. கருத்தைத் தன்மொழியில் உணர்ந்தபின் ஆங்கிலப் பெயரைக் கற்றல் எளிது. கருத்தே விளங்காதபோது ஆங்கிலமும் உதவாது. எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கிறீனின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைபெறவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியபோதும், பட்டம் பெற்றபின் பணி கிடைக்குமா என்பதே மாணவர் எழுப்பிய வினா. வகுப்பறை தமிழிலும் பணியிடம் முற்றிலும் வேறு மொழியிலும் இருப்பின் பயிற்சி அந்தரத்தில் நிற்கும். தமிழையே தொழிற்பொருளாகக் கொண்ட மொழித்தொழில்நுட்பத்தில் இவ்விடைவெளி மிகக் குறைவு என்பதே இத்துறையைத் தேர்ந்ததன் காரணம்.

கற்பிக்க ஆசிரியர் இல்லை என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. தமிழாசிரியர் நிரலும் கணினி ஆசிரியர் இலக்கணமும் முழுமையாகக் கற்கும்வரை காத்திருத்தல் இயலாது. இரு துறையாசிரியரும் ஒரு வகுப்பில் இணைந்து கற்பித்தல் தற்போதைக்கு ஏற்ற வழி.

தொழில்நுட்பம் விரைந்து மாறும். இன்று கற்பிப்பது நாளை பழையதாகும் என்பது மூன்றாம் தடை. இதுவே தொடரறிவின் தேவையை வலியுறுத்துகின்றது. குறிப்பிட்ட மென்பொருள் பழையதாகலாம். தரவு எவ்வாறு உருவாகின்றது, பிழை எங்கு நுழைகின்றது, உரிமை யாருக்கு உரியது என்னும் வினாக்கள் பழையன ஆகா.

முடிவுரை

புதுக்கோட்டையின் இரு பட்டறிவுகளும் உணர்த்துவன வருமாறு:

1. நுண்திறன் மட்டும் தொழிலாளரைக் காப்பதில்லை. திறன் இயங்கும் முழுத்தொடரின் அறிவும் வேண்டும்.
2. எழுத்தறிவு, கருவி, பொருளியல் உரிமை மூன்றும் ஒருங்கிணைந்த இடத்தில் கற்றல் வாழ்வை மாற்றியது.
3. மொழித்தொழில்நுட்பக் குறியிடல், தமிழ் மாணவரின் இலக்கண அறிவுக்கு உரிய பணி. ஆயினும் அது எண்ணிக்கைக் கூலிப் பணியாகச் சுருங்கும் இடர் உடையது.
4. அவ்விடரைத் தவிர்க்க, ஆவண அறிவும் தொடரறிவும் பாடத்திட்டத்தின் உறுப்புகளாதல் வேண்டும்.
5. வட்டாரத் தொழிற்சொல் திரட்டல், தொழிலாளரையும் மாணவரையும் ஒரே அறிவுப் பணியில் இணைக்கும்.

பட்டை தீட்டியவரின் மகளோ கல்லுடைத்தவரின் மகனோ இன்று முதுகலைத் தமிழ் வகுப்பில் அமர்ந்து பகுபத உறுப்பிலக்கணம் பயில்கின்றார். அவ்விலக்கணத்துக்குப் புதிய தொழிலொன்றில் விலை உண்டு என்பதை அவருக்குச் சொல்வது தமிழ்த்துறைகளின் முதற்கடமை. அவ்விலையை மதிப்பிடவும் கேட்டுப் பெறவும் அவரை வல்லவராக்குவது அடுத்த கடமை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தல் பழைய சாணைக்குப் புதிய பெயர் இடுவதாகவே முடியும்.